சிறையா, அபராதமா, சிகிச்சையா?

வாசகர் கேள்வி – பதில்: போதைப்பொருள் கொள்கையும் தலைவர்களின் மழுப்பலும்

கேள்வி: ‘கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவீர்களா?’ என்று கேட்டால் ‘இளைஞர்களின் எதிர்காலமே எங்களுக்கு முக்கியம்’ என்கிறார்கள். ஆம், இல்லை என்று சொல்ல என்ன தடை?

ஓட்டு போய்விடுமோ என்ற பயம் ஒரு காரணம். ஆனால் கேள்வியிலும் ஓட்டை இருக்கிறது. ‘சட்டபூர்வம்’ என்ற சொல்லுக்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் அடைந்து கிடக்கின்றன. உரிமம் கொடுத்துக் கடையில் விற்க விடுவது ஒன்று. கனடா 2018 அக்டோபர் 17 முதல் செய்வது இதுதான். அங்கே வயது வந்தவர் பொது இடத்தில் 30 கிராம் வரை உலர்ந்த கஞ்சா வைத்திருக்கலாம். விற்பனையைக் குற்றமாகவே வைத்துக்கொண்டு, சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் வைத்திருப்பவர் மேல் மட்டும் கிரிமினல் வழக்கு போடாமல் விடுவது இன்னொன்று. போர்ச்சுகல் 2001 ஜூலையில் எடுத்த முடிவு அது. டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் கொடுப்பது மூன்றாவது. நீங்கள் எதைக் கேட்டீர்கள் என்று தலைவர் திருப்பிக் கேட்க மாட்டார். தனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டு பேசுவார்.

என்ன பொருள், எவ்வளவு, யார், பிடிபட்டால் என்ன ஆகும் – நான்கும் கேள்விக்குள் இருக்கட்டும். ‘19 வயது இளைஞர். கையில் 5 கிராம் கஞ்சா. முதல் முறை பிடிபடுகிறார். உங்கள் ஆட்சியில் அவருக்குச் சிறையா, அபராதமா, சிகிச்சையா?’ இதற்கும் ‘இளைஞர்களின் எதிர்காலம்’ என்றே பதில் வந்தால், அது பதில் இல்லை என்று கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் புரியும்.

கேள்வி: மழுப்புகிறார் என்று பிறகு யோசித்தால் தெரிகிறது. அந்த நேரத்தில் ஏன் உறைப்பதில்லை?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். டாட் ராஜர்ஸ், மைக்கேல் நார்ட்டன் என்ற இருவரின் ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஒரு வேட்பாளர் மருத்துவ வசதி பற்றி ஒரே பதிலைத்தான் சொல்கிறார். முன்னால் வரும் கேள்வியை மட்டும் மாற்றினார்கள். சிலருக்கு மருத்துவ வசதி பற்றிய கேள்வி, சிலருக்குப் போதைப்பொருள் பற்றிய கேள்வி, சிலருக்குத் தீவிரவாதம் பற்றிய கேள்வி. தீவிரவாதக் கேள்வியில் குட்டு உடைந்தது. போதைப்பொருள் கேள்வியில் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. கேட்ட கேள்வி என்ன என்பதே பலருக்கு நினைவில்லை. பதில் சற்றே பக்கத்தில் வந்து விழுந்தால் போதும், மனம் ஏற்றுக்கொள்கிறது.

அதே ஆய்வில் மருந்தும் இருக்கிறது. பதில் ஓடும்போது கேள்வியைத் திரையில் எழுத்தில் காட்டியபோது, நழுவலைக் கண்டுபிடித்தவர்கள் கூடினார்கள். தொலைக்காட்சி விவாதம் நடத்துபவர்களுக்கு இதற்கு ஒரு வரி எழுத்துதான் செலவு. தயவுசெய்து செய்யுங்கள்.

கேள்வி: ‘இந்த ஆண்டு இத்தனை டன் பிடித்தோம்’ என்று புள்ளிவிவரம் கொடுப்பதும் மழுப்பலா?

பெரும்பாலும் ஆம். பிடிபட்டது கூடினால் காவல்துறை நன்றாக வேலை செய்திருக்கலாம், சரக்கு வரத்தே கூடியிருக்கலாம். அந்த எண்ணை வைத்து எது என்று சொல்ல முடியாது. வேறு நான்கு எண்களைக் கேளுங்கள்: தெருவில் விலை ஏறியதா இறங்கியதா, கலப்படம் எவ்வளவு, அளவு மீறி இறந்தவர்கள் எத்தனை பேர், சிகிச்சைக்கு வந்தவர் இடம் கிடைக்க எத்தனை நாள் காத்திருக்கிறார். கடைசி எண்தான் தலைவர்களிடம் அநேகமாக இருக்காது. குடும்பங்களுக்கு மிகவும் வேண்டியதும் அதுதான்.

கேள்வி: ‘நிபுணர் குழு போட்டிருக்கிறோம்’ என்றால் நம்பலாமா?

குழு போடுவது தவறில்லை. அறிக்கை எந்தத் தேதிக்குள் வரும், அப்படியே வெளியிடுவீர்களா, பரிந்துரையை ஏற்காவிட்டால் காரணத்தை எழுத்தில் தருவீர்களா என்று மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பிரிட்டன் அரசின் போதைப்பொருள் ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த டேவிட் நட், கஞ்சாவைவிட மதுவும் புகையிலையும் அதிகக் கேடு செய்கின்றன என்று சொன்னதற்காக 2009 அக்டோபரில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 2014இல் அதே நாட்டு உள்துறையின் அறிக்கையே, சட்டத்தின் கடுமைக்கும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை என்றது. கொள்கை மாறவில்லை. அதனால்தான் அந்த மூன்றாவது வாக்குறுதியை விடவே கூடாது.

கேள்வி: ஒருவர் ‘போர்ச்சுகலைப் பாருங்கள்’ என்கிறார், இன்னொருவர் ‘ஓரிகானைப் பாருங்கள்’ என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் பாதியை மறைக்கிறார்கள். போர்ச்சுகலில் 10 நாள் உபயோகத்துக்கு மேல் இல்லாத அளவோடு பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் பதிலாக மூன்று பேர் கொண்ட குழுவின் முன் போகிறார். சிகிச்சை, பழைய ஊசிக்குப் புது ஊசி மாற்றித் தரும் ஏற்பாடு எல்லாம் அந்தச் சட்டத்தோடு சேர்த்தே விரிவாக்கப்பட்டன. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் 2020 நவம்பர் வாக்கெடுப்பில், கொஞ்சம் போதைப்பொருள் வைத்திருப்பவர் மேல் கிரிமினல் வழக்கு போடாத சட்டம் வென்று, 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பிடிபட்டால் 100 டாலர் அபராதச் சீட்டு. உதவி எண்ணை அழைத்தால் அதுவும் தள்ளுபடி. அழைத்தவர்கள் மிகக் குறைவு. சிகிச்சைக்கான பணம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டுகளில் ஃபெண்டனில் என்ற மிகக் கடுமையான போதை மருந்து வேறு பரவியதால், இறப்புகளைச் சட்டத்தின் தலையில் மட்டும் கட்டவும் முடியாது. 2024 செப்டம்பரில் வைத்திருப்பது மறுபடி குற்றமானது.

ஆக, எந்தத் தலைவர் எந்த ஊரைக் காட்டினாலும் ‘அந்த ஊரின் சட்டத்தை மட்டும் கொண்டுவருவீர்களா, சிகிச்சை ஏற்பாட்டையும் சேர்த்தா? அதற்கு நிதி எந்த மாதம் வரும்?’ என்று கேளுங்கள்.

கேள்வி: ‘நீங்களே இளமையில் புகைத்தீர்களா?’ என்று கேட்பது நியாயமா?

நியாயம்தான், பயன் குறைவு. 1992இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற பில் கிளின்டன், கஞ்சாவைப் புகைத்துப் பார்த்ததாகவும் ‘உள்ளே இழுக்கவில்லை’ என்றும் சொன்னார். அமெரிக்கா அந்த வரியைப் பேசியது, கொள்கையைப் பேசவில்லை. புகைத்ததாக ஒருவர் ஒப்புக்கொண்டால், ‘அன்று பிடிபட்டிருந்தால் இன்றைய சட்டம் உங்களுக்கு என்ன தண்டனை தந்திருக்கும்? அது சரியா?’ என்று தொடருங்கள்.

கேள்வி: பொதுக்கூட்டத்தில் ஒரு நிமிடம்தான் மைக் கிடைக்கும். என்ன செய்யலாம்?

கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 25 சொல்லுக்குள் முடியட்டும். முன்னுரை வேண்டாம்; உங்கள் கருத்தைச் சொன்னால் அவர் அதற்குத்தான் பதில் சொல்வார். இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்டால் சுலபமானதை எடுத்துக்கொள்வார். ‘ஏன்’ என்று தொடங்குவதும் ஆபத்து. நீளமாகப் பேச இடம் கொடுக்கும். ‘எத்தனை’, ‘எப்போது’, ‘எந்தப் பிரிவு’ நல்லவை.

மழுப்பினால் மறு கேள்விக்குப் போகாமல் அதே சொற்களில் திரும்பக் கேளுங்கள். 1997இல் பிபிசியின் ஜெரமி பாக்ஸ்மன், முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் ஏறத்தாழ ஒரே கேள்வியை 12 முறை கேட்டார். உங்களுக்கு அவ்வளவு நேரம் தர மாட்டார்கள். அதனால் அடுத்து மைக் வாங்கப்போகிறவரிடம் உங்கள் தாளின் பிரதியை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். ‘முன்னவர் கேட்டதற்கே பதில் வேண்டும்’ என்று அவர் சொல்லட்டும். கூட்டம் முடிந்த மறுநாளே கேள்வியையும், தலைவர் சொன்னதை அவர் சொல்லிலேயும் எழுதிக் கடிதமாக அனுப்புங்கள். ‘பரிசீலிப்போம்’ என்று சொல்லியிருந்தால் அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, எந்தத் தேதிக்குள் என்று கேட்டு, 30 நாள் கழித்து அதே கடிதத்தை மறுபடி அனுப்புங்கள்.