சிந்தியதைத் துடைப்பதற்கு முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பணியிடங்களில் ரசாயனம் சிந்தினால் என்ன செய்வது என்று கேட்டு வந்த கடிதங்களில் நான்கிற்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் தொழிற்கூடத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்த கேன் சாய்ந்து, சுமார் ஐந்து லிட்டர் தரையில் ஓடிவிட்டது. அருகிலிருந்த ஊழியர் உடனே குழாயைத் திறந்து நீர் பாய்ச்சி எல்லாவற்றையும் சாக்கடைக்குள் தள்ளினார். மேற்பார்வையாளர் அவரைப் பாராட்டினார். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அவர் செய்தது சரிதானா?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. அந்த ஊழியரின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு வேறு வழி யாரும் கற்றுத்தரவில்லை என்பதே என் வருத்தம். நீர் பாய்ச்சியதால் ஐந்து லிட்டர் அமிலம் ஐம்பது லிட்டர் அமில நீராகப் பெருகி, அதுவரை நனையாத இடங்களையும் நனைத்திருக்கும். தரை கழுவப் பயன்படுத்திய சோடியம் ஹைபோகுளோரைட், அதாவது வெளுக்கும் திரவம், அந்தச் சாக்கடையில் தேங்கியிருந்தால் அமிலம் அதனோடு சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். அந்த வாயு சாக்கடை வழியே அடுத்த அறைக்குப் போய், நடந்தது எதுவும் அறியாத ஒருவரின் நுரையீரலைத் தாக்கலாம்.

முதல் நிமிடம் மனிதர்களுக்கு உரியது. உரக்கக் குரல் கொடுத்து அருகிலிருப்போரை விலக்க வேண்டும். யார் மீதாவது தெறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிந்தியது என்ன என்பதைக் கேனின் மேலுள்ள சீட்டைப் படித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் புகையும் தன்மை உடையது என்பதால், காற்றோட்டமில்லாத அறையில் உரிய சுவாசக் கவசமின்றி எவரும் அதன் அருகே நிற்கக் கூடாது. பயிற்சி பெற்றவர் கண் கவசமும் அமிலம் தாங்கும் கையுறையும் காலணியும் அணிந்த பிறகுதான் கிட்டே போக வேண்டும். அவர் சாய்ந்த கேனை நிமிர்த்தி, சாக்கடை வாயை அடைத்து, உறிஞ்சு பொருளால் வெளி விளிம்பைச் சுற்றி அணை கட்டி, அங்கிருந்து உள்நோக்கி வர வேண்டும். சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் நுரை பொங்கும். நுரை அடங்கிய பின் அமிலத்தன்மையை நிறமாற்றத்தால் காட்டும் பி.எச். தாளைத் தொட்டுப் பார்த்து, அமிலத்தன்மை தணிந்ததை அறிந்த பிறகே அள்ளி, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் இட்டுச் சீட்டு ஒட்ட வேண்டும்.

இதையெல்லாம் செய்ய ஆளோ கருவியோ இல்லையென்றால், அறையை விட்டு வெளியேறிக் கதவை மூடிவிட்டுத் தீயணைப்புத் துறையை அழைப்பதே சரி. ‘சிறிய கசிவு’ என்பதை லிட்டர் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மூடிய அறையில் சிந்திய, அசிட்டோன் போன்று எளிதில் ஆவியாகித் தீப்பற்றும் ஒரு லிட்டர் கரைப்பான், திறந்த வெளியில் சிந்திய பத்து லிட்டர் நீர்த்த அமிலத்தை விட ஆபத்தாக இருக்கக்கூடும்.

கேள்வி: எது சிந்தினாலும் மரத்தூளைக் கொட்டி அள்ளிவிடுகிறோம். இது போதாதா?

பதில்: போதாது, சில வேளைகளில் தீயையே வரவழைக்கும். நைட்ரிக் அமிலம், அடர் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றிகளின், அதாவது பிற பொருள்களை எரியத் தூண்டும் ரசாயனங்களின் மேல் மரத்தூளோ பழந்துணியோ பட்டால் சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளலாம். அவற்றுக்கு எரியாத கனிம உறிஞ்சு பொருள்தான் ஏற்றது. உறிஞ்சு பொருள் திரவத்தைப் பிடித்து வைக்குமே தவிர அதன் நஞ்சை முறிக்காது. ஆகவே அள்ளிய கழிவும் சிந்திய பொருளைப் போலவே ஆபத்தானது, அதைச் சாதாரணக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.

கரைப்பான்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அசிட்டோனின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு அதன் ஆவி எழும் மிகக் குறைந்த வெப்பநிலை, ஏறக்குறைய மைனஸ் 20 டிகிரி செல்சியஸ். அதன் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, தொலைவில் உள்ள தீப்பொறியைத் தொட்டுத் தீயாகத் திரும்பி வரும். வாடை போகட்டும் என்று மின்விசிறியின் சுவிட்சைத் தட்டத்தான் எல்லோருடைய கையும் முதலில் போகும். அந்தச் சுவிட்சில் எழும் பொறியே போதும். மின் இணைப்பைத் துண்டிப்பதானால் ஆவி எட்டாத இடத்திலிருந்து துண்டியுங்கள்.

கேள்வி: அமிலம் உடலில் பட்டால் சோடாவைக் கரைத்துப் பூசலாமா?

பதில்: கூடாது. சோடாவைத் தேடி ஓடும் நேரத்தில் அமிலம் தோலுக்குள் இறங்கிவிடும். ஓடும் நீரில் உடனே கழுவுங்கள்; கழுவும்போதே நனைந்த உடையையும் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் அகற்றுங்கள். கண்ணில் பட்டிருந்தால் இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் நிறுத்தாமல் கழுவ வேண்டும். வலியால் அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார் என்பதால் உதவிக்கு இன்னொருவர் கட்டாயம் வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பயன்படுத்தும் இடங்களில் 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் களிம்பைத் தயாராக வைத்திருப்பது அவசியம். நீர்த்த நிலையில் அந்த அமிலம் முதலில் வலியே தராமல் திசுக்களுக்குள் ஊடுருவும். மருத்துவமனைக்குப் போகும்போது அந்த ரசாயனத்தின் பாதுகாப்புத் தரவுத் தாளையும், அதாவது அதன் ஆபத்துகளையும் முன்னெச்சரிக்கைகளையும் விளக்கும் ஆவணத்தையும், கையோடு கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: சிந்தாமலே தடுக்க எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஒரு கலனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி ஊற்றும் இடத்திலிருந்து தொடங்குங்கள். பெரிய கேனைத் தோளில் சாய்த்துச் சின்னக் குடுவையில் ஊற்றும் பழக்கத்தை விட்டுக் கைப்பம்புக்கு மாறினாலே பாதிக் கவலை தீரும். டிரம்களுக்கு அடியில் தடுப்புத் தொட்டி வையுங்கள்; உள்ளே நிற்கும் மிகப் பெரிய கலனின் கொள்ளளவில் 110 சதவீதத்தை அது தாங்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அமிலத்தையும் ஹைபோகுளோரைட்டையும் ஒரே தொட்டிக்குள் நிறுத்தாதீர்கள். தரவுத் தாளில் 16 பிரிவுகள் உண்டு. சிந்தினால் செய்ய வேண்டியதை ஆறாவது பிரிவு சொல்கிறது. அந்த ஒரு பக்கத்தையாவது ஊழியர்களுக்குப் புரியும் மொழியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

கையுறை விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 1996 ஆகஸ்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் கையுறை மீது டைமெத்தில் மெர்குரி என்ற பாதரசச் சேர்மம் சில துளிகள் விழுந்தன. அவர் அணிந்திருந்தது லேடெக்ஸ் கையுறை. சில நொடிகளிலேயே அதை ஊடுருவிவிடும் நஞ்சு அது என்பது பின்னர் நடந்த சோதனையில்தான் தெரிந்தது. 1997 ஜூனில் அவர் இறந்தார். அத்தனை தேர்ந்த ஒருவருக்கே அது நேர்ந்தது. எந்த ரசாயனத்துக்கு எந்தக் கையுறை என்று உற்பத்தியாளரின் அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள்.

ஓர் ஆலையில் அவசரகாலப் பெட்டியைப் பார்க்க வேண்டுமென்று கேட்டேன். அது பூட்டிய அலமாரியில் இருந்தது. சாவி மேலாளரிடம், மேலாளர் விடுப்பில். சாவி வந்து பெட்டியைத் திறந்து கையுறையை இழுத்தபோது, அது காய்ந்த இலைபோல் என் விரலிடையே பொடிந்தது. கண் கழுவும் குழாயைத் திறந்தால் முதலில் வந்தது துரு நீர். அன்று நான் எழுதிக் கொடுத்த குறிப்பையே உங்களுக்கும் தருகிறேன்: பெட்டிக்குப் பூட்டு வேண்டாம், மாதம் ஒருமுறை அதில் உள்ளதைப் பிரித்துப் பாருங்கள், கண் கழுவும் குழாயை வாரம் ஒருமுறை தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள்.