உக்காந்தா டவுசர் இறங்குது!

கேள்வி: அக்கா, என் 4 வயசு பையனுக்கு பேப்பர் பேட்டர்ன் வெச்சு காட்டன் டவுசர் தச்சேன், நின்னா சரியா இருக்கு, உக்காந்தா பின்னாடி இறங்கிடுது, ஏன்?

பதில்: முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் ஒரே மாதிரி வெட்டிருப்பீங்கன்னு நினைக்கிறேன்மா. பின்பக்க துண்டு இடுப்புகிட்ட 1 இன்ச்சாவது உசரமா இருக்கணும், கவட்டை வளைவும் கொஞ்சம் ஆழமா வரணும், புள்ளைங்க குனிஞ்சு உக்காந்து விளையாடுறதுதானே அதிகம், அதுக்கு இடம் வேணும்ல. அடுத்த தடவை துணிய நனைச்சு காயவெச்சு அயர்ன் பண்ணிட்டு வெட்டுங்க, காட்டன் சுருங்கும். கவட்டைல ரெண்டு தையல் போடுங்க, அங்கதான் மொதல்ல பிரியும். எலாஸ்டிக் இடுப்பளவை விட 2 இன்ச் கம்மி போதும், அதுக்கு மேல இறுக்கினா வயித்துல தடம் விழுந்து அரிக்கும், பாவம் குழந்தை.