அமாவாசை இரவில் அவன் யார்?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். என் மகளுக்கு 14 வயது. ஆறு மாதமாக வீட்டில் 'இனுயாஷா' என்ற ஜப்பானியப் படக்கதை தவிர வேறு பேச்சு இல்லை. என்னதான் படிக்கிறாள் என்று பார்க்கலாமே என்று நானும் முதல் தொகுதியை எடுத்தேன். போன வாரம் 56 தொகுதிகளையும் முடித்துவிட்டேன்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவில் ஒரு ஷிண்டோ கோயிலைப் பராமரிக்கும் குடும்பத்துப் பெண் ககோமே. 15-வது பிறந்த நாளன்று கோயில் வளாகத்தில் உள்ள பாழுங்கிணற்றுக்குள் ஒரு பூதம் அவளை இழுத்துப்போகிறது. ஏறி வந்து பார்த்தால் சுமார் 500 ஆண்டுகளுக்கு முந்தைய ஜப்பான், ஓயாமல் போர் நடந்த செங்கோகு காலம். அங்கே ஒரு மரத்தில் அம்பால் அறையப்பட்டு 50 ஆண்டுகளாகத் தூங்குகிறான் இனுயாஷா. அப்பா நாய்ப் பூதம், அம்மா மனுஷி. அவளால்தான் விழிக்கிறான். அப்புறம் காதல்.

இதைப் பற்றி எங்களுக்குள் ஒரே சண்டை. என் அலுவலகத் தோழி சொல்கிறாள்: "உருமாறுகிற கதாநாயகன் என்றாலே எனக்கு அகலிகையிடம் வந்த இந்திரன்தான் ஞாபகம் வருகிறான். கோபம் வந்தால் மிருகமாகிறவனைக் காதலிக்கலாம் என்று ஒரு சின்னப் பெண்ணுக்குச் சொல்லித் தரலாமா?" என் மகளின் வகுப்பில் ககோமே கட்சி, கிக்யோ கட்சி என்று இரண்டு இருக்கின்றன. இவள் ககோமே கட்சி. கிக்யோ இனுயாஷாவின் பழைய காதலி, செத்துப்போய் மந்திரத்தால் திரும்பி வந்தவள். அவளைப் பார்க்க ஓடுகிறவனை மன்னிக்கவே கூடாது என்கிறாள் என் மகள். எனக்கோ முடிவுதான் தாங்கவில்லை. பெற்ற அம்மாவை விட்டுவிட்டு 500 வருஷம் பின்னால் போய் வாழ்வது என்ன முடிவு? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
திருச்சியிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள தோழிக்கு,

மகள் படிக்கிற கதையை 56 தொகுதியும் உட்கார்ந்து படித்த அம்மாவுக்கு நாலு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. அதனால் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

முதலில் உங்கள் அலுவலகத் தோழி சொன்னது. அவர் அகலிகையை நினைத்துக்கொண்டது சரிதான். ஆனால் இந்தக் கதையில் இந்திரனின் வேலையைச் செய்கிறவன் நராகு. உடல் வெந்து குகையில் கிடந்த ஓனிகுமோ என்ற கொள்ளையன், தனக்கு மருந்து போட்டுப் பார்த்துக்கொண்ட கிக்யோவின் மேல் ஆசை வைத்து, தன் உடம்பைப் பூதங்களுக்குக் கொடுக்கிறான். அதிலிருந்து பிறக்கிறவன் நராகு. அவன்தான் இனுயாஷாவின் உருவத்தில் போய் கிக்யோவை வெட்டுகிறான். கிக்யோவின் உருவத்தில் வந்து இனுயாஷாவின் மேல் அம்பு விடுகிறான். இருவருமே மற்றவர் துரோகம் செய்துவிட்டதாக நம்பிவிடுகிறார்கள். கிக்யோ சாகும் தறுவாயில் அவனை மரத்தோடு அறைகிறாள். தான் காவல் காத்த, வரம் தரும் ஷிகோன் மணியைத் தன் உடலோடு சேர்த்து எரிக்கச் சொல்லிவிட்டு இறக்கிறாள். அதாவது, வேஷம் போட்டு வருகிற உருமாற்றம் என்ன நாசம் செய்யும் என்பதை, ககோமே கிணற்றில் விழுவதற்கு 50 ஆண்டு முன்பே கதாசிரியர் ருமிகோ தகாஹாஷி நடத்தி முடித்துவிட்டார்.

இனுயாஷாவின் உருமாற்றம் வேறு வகை. அவனாக எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. சாதாரணமாக வெள்ளி முடி, நாய்க் காது, நகம். அமாவாசை இரவில் முடி கறுத்து, காதும் நகமும் போய், முழு மனிதனாகிவிடுவான். உயிருக்கு ஆபத்து வந்து, அவனைக் கட்டுக்குள் வைக்கும் வாளும் கையில் இல்லாவிட்டால் பூத ரத்தம் மேலேறி முழுப் பூதமாகிவிடுவான். அப்போது யார் எவர் என்று தெரியாது. அவன் பெயரையே பாருங்கள். 'இனு' என்றால் நாய். 'யாஷா' என்பது பௌத்த நூல்களோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போன யட்சன், நம் ஊரில் இயக்கன், இயக்கி என்கிறோமே, அதே சொல்தான்.

உங்கள் மகளுக்கு நிச்சயம் நினைவிருக்கும், அந்த முதல் அமாவாசை. சிலந்திப் பூதங்கள் சூழ்ந்த இரவில்தான் ககோமேவுக்கு அவன் ரகசியம் தெரிகிறது. எந்த நாளில் தனக்குப் பலம் போகும் என்று யாரிடமும் அவன் சொன்னதில்லை, ஏனென்றால் யாரையும் நம்பி அவனுக்குப் பழக்கமில்லை. என்னையாவது நம்பியிருக்கலாமே என்று அவள் அழுகிறாள். விஷம் ஏறித் துவண்டு கிடக்கிறவன் அவள் மடியில் தலை வைத்துக்கொள்ளக் கேட்கிறான். உன் வாசனை பிடிக்காது என்று முன்பு சொன்னது பொய் என்கிறான். அவ்வளவுதான். முத்தமோ வசனமோ கிடையாது. நான் படித்த காதல் காட்சிகளில் இதற்கு மேல் வைக்க எனக்கு அதிகம் இல்லை.

இது ஏன் இவ்வளவு தைக்கிறது என்று யோசித்தால், ஜப்பானின் பழைய கதைகளுக்குப் போக வேண்டும். அங்கே விலங்கு மனைவி கதைகள் நிறைய. கொக்கு மனைவி கதையில், நெய்யும்போது பார்க்காதே என்பாள், புருஷன் பார்ப்பான், அவள் பறந்து போய்விடுவாள். பெரும்பாலான கதைகளில் உண்மை உருவம் தெரிந்த அன்றைக்கே குடும்பம் முடிந்தது. ஆனால் 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோகாய் என்ற துறவி தொகுத்த 'நிஹோன் ர்யோய்கி'யில் ஒரு நரி மனைவி கதை இருக்கிறது. மினோ நாட்டுக்காரன் ஒருவன் வழியில் சந்தித்த பெண்ணை மணக்கிறான். பிள்ளையும் பிறக்கிறது. வீட்டு நாய் போட்ட குட்டி அவளைக் கண்டாலே குரைக்கிறது. ஒரு நாள் அது துரத்த, பயத்தில் நரியாக மாறி வேலி மேல் ஏறிவிடுகிறாள். புருஷன் என்ன சொன்னான் தெரியுமா? நமக்குள் ஒரு பிள்ளை இருக்கிறது, உன்னை மறக்க மாட்டேன், எப்போதும் வந்து தூங்கு என்றான். 'வந்து தூங்கு' என்பதிலிருந்துதான் நரிக்கு 'கிட்சுனே' என்ற பெயர் வந்தது என்று அந்தக் கதை முடிகிறது. மொழியியலாளர் இதை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முந்தைய அந்தப் புருஷனின் பேச்சையும், ககோமேவின் மடியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நீ என்னவாக இருந்தாலும் இங்கே தூங்கலாம். தகாஹாஷி அதை நாய் மகனுக்குக் கொடுத்திருக்கிறார், அதுவும் அவன் மனிதனாக இருக்கிற இரவில். மற்ற கதைகளில் மிருக உருவத்தை ஒளிப்பார்கள். இவன் ஒளிப்பது மனித உருவத்தை.

சரி, கோபம் வந்தால் மிருகமாவது பற்றி. உங்கள் தோழியின் பயம் நியாயமானது. உருமாறும் நாயகன் வருகிற காதல் கதைகள் பலவற்றில் இந்தக் கோளாறு உண்டு. அவன் கையை முறுக்குவான், சுவரில் தள்ளுவான், 'அது அவனுக்குள் இருக்கும் ஓநாய்' என்று கதை சமாதானம் சொல்லும். அந்தக் கதைகளை என் வீட்டுப் பெண்களுக்கு நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன். இனுயாஷாவை ஏன் கொடுப்பேன் என்றால், அந்துப்பூச்சிப் பூதத்தோடு நடக்கிற சண்டைக்காக. முழுப் பூதமாக மாறியவன் அந்தப் பூதத்தைக் கொன்றபின், அதன் கையாளாக இருந்த கொள்ளையர்களையும் வெட்டுகிறான். அவர்கள் மனிதர்கள், உயிர்ப்பிச்சை கேட்கிறார்கள். இவனுக்குக் கேட்கவில்லை. அண்ணன் செஷ்ஷோமாரு வந்து அடித்து வீழ்த்த வேண்டியிருக்கிறது. தன் உணர்வு வந்த பிறகு அவன் நகத்தில் மனித ரத்தத்தின் வாடை. கழுவியும் போகவில்லை. நாயாகப் பிறந்தவனுக்கு அந்த மூக்கே தண்டனையாகிவிடுகிறது. அவர்கள் கெட்டவர்கள்தானே என்று யாராவது சொன்னாலும் அவனால் அந்தச் சமாதானத்தை ஏற்க முடியவில்லை. நான் செய்யவில்லை, என் ரத்தம் செய்தது என்று அவன் தப்பித்துக்கொள்ள தகாஹாஷி விடவில்லை. வாளைத் தூக்கப் பழகுவதுதான் அதற்கப்புறம் அவனுக்கு வேலை. தெஸ்ஸைகா என்ற அந்த வாள், அப்பா தன் கோரைப்பல்லைக் கொடுத்துச் செய்வித்தது, மனுஷியான அம்மாவைக் காப்பதற்காக. ஒருவரைக் காக்க நினைக்கும்போதுதான் அது வாளாகவே விரிகிறது. இதைப் படித்த 14 வயதுப் பெண் தப்பான பாடம் கற்றுக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அவன் கழுத்தில் கிடக்கிற மந்திர மணிமாலை. ககோமே 'உட்கார்' என்றால் முகம் குப்புற மண்ணில் விழுவான். முதலில் அவளுக்கு அது பாதுகாப்பு, புரிகிறது. ஆனால் நம்பிக்கையைப் பற்றிய கதையில் அந்தக் கயிறு கடைசித் தொகுதி வரை சிரிப்புக்காகக் கழுத்தில் கிடப்பதை என்னால் ரசிக்க முடியவில்லை.

கிக்யோ விஷயத்தில் உங்கள் மகளோடு நான் ஒத்துப்போகவில்லை. கிணற்றில் போய் வருகிறவள் மட்டுமா காலப் பயணம் செய்கிறாள்? அவனும்தான். கிக்யோவின் தங்கை கயேதே சின்னப் பெண்ணாக நின்றபோது கண்ணை மூடினான். விழித்துப் பார்த்தால் அவள் நரைத்த கிழவி. ஊருக்கு 50 ஆண்டு ஆகிவிட்டது, அவனுக்கு நேற்று. நேற்றுத் தன் மேல் அம்பு விட்டவள், நேற்று வரை தான் மணக்க இருந்தவள், இன்று சாம்பல். அதிலும் அவள் துரோகம் செய்யவில்லை என்பதே பிறகுதான் தெரியவருகிறது. அழுது முடிக்க அவகாசமே கிடைக்காதவனிடம் 'மறந்துவிட்டாயா இல்லையா' என்று கேட்டால் என்ன சொல்வான்? ககோமே இதைப் புரிந்துகொண்டு, ஊருக்குப் போய் அழுது, பிறகு தானாகத் திரும்பி வந்து உன் பக்கத்தில் இருக்கிறேன் என்கிறாள். அதைத் தோற்றுப்போனவளின் பேச்சாக உங்கள் மகள் படித்திருக்கலாம். எனக்கு அது அந்தக் கதையிலேயே தைரியமான இடம்.

நடுவில் இழுவை உண்டு, மறுக்கவில்லை. 1996 நவம்பரில் சிறுவர்களுக்கான ஒரு வாரப் பத்திரிகையில் தொடங்கி 2008 ஜூன் வரை ஓடியது. வாராவாரம் வருகிற தொடர்கதையைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். நராகு தப்பி ஓடுவதையும் இவன் கிக்யோவைத் தேடி ஓடுவதையும் ஒரேயடியாகப் படிக்கும்போது அலுக்கிறது. பத்துத் தொகுதியாவது குறைத்திருக்கலாம்.

கடைசியாக உங்கள் கேள்வி. ஜப்பானில் உராஷிமா என்ற மீனவனின் கதையை எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். அதன் பழைய வடிவம் ஒன்று 8-ஆம் நூற்றாண்டின் தாங்கோ நாட்டுக் குறிப்பில் இருக்கிறது. அவன் பிடித்த ஐந்து நிற ஆமை பெண்ணாக மாறுகிறது. அவளோடு மூன்று ஆண்டு வாழ்கிறான். பெற்றவர்களைப் பார்க்க ஏக்கம் வந்து ஊர் திரும்பினால் 300 ஆண்டு ஓடிப்போயிருக்கிறது. உருமாறும் காதல், காலப் பயணம் இரண்டும் அப்போதே ஒரே கதையில் இருந்திருக்கின்றன. அந்தக் கதையின் வலியே வீடுதான். போகும்போது விடைபெறவில்லை, திரும்பும்போது ஆள் இல்லை.

ககோமேவுக்கும் மூன்று ஆண்டுதான். ஷிகோன் மணி அழிந்ததும் கிணறு மூடிக்கொள்கிறது. அவள் பள்ளிக்கூடத்தை முடிக்கிறாள், அம்மா சமையலைச் சாப்பிடுகிறாள், தாத்தாவோடும் தம்பி சோட்டாவோடும் இருக்கிறாள். 18 வயதில் ஒரு நாள் கிணற்றை எட்டிப் பார்த்தால் அடியில் வானம் தெரிகிறது. 15 வயதில் இழுத்துப் போனார்கள், 18-ல் அவளே இறங்குகிறாள். இந்த மூன்று ஆண்டை வைத்ததால்தான் நான் இந்த முடிவை ஏற்கிறேன். அது இல்லாமல் அவள் போயிருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் கோபப்பட்டிருப்பேன்.

ஆனாலும் உங்களுக்குத் தாங்காத இடத்தில் நானும் அழுதேன். கிணற்றடிக்கு அம்மா வருகிறாள். மகளின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்கிறாள். ஒரு வார்த்தை தடுக்காமல் அணைத்துக்கொள்கிறாள். ஐம்பத்தாறு தொகுதியில் அந்த அம்மாவுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அவள் அன்றிரவு எப்படித் தூங்கினாள் என்று தகாஹாஷி ஒரு பக்கமாவது வரைந்திருக்க வேண்டும். இந்தக் குறையை நான் எந்த வாதத்தாலும் மூட முடியாது.

அந்தப் பக்கத்தை உங்கள் மகளிடம் எடுத்துக் காட்டுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா