ஈரத்துணி கட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

கீழக்கரை வாசகி: 'இன்டைரக்ட் கூலர்' போட்டால் காற்றில் ஈரம் சேராது, ஏசியைவிட கரண்டும் குறைவு என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

சொன்னது உண்மை, சொல்லாமல் விட்டதுதான் முக்கியம். சாதாரண கூலரில் நனைந்த பேடு வழியாக வரும் காற்றே அறைக்குள் வரும். இன்டைரக்டில் தகட்டின் ஒரு பக்கம் தண்ணீர் ஆவியாகும், மறுபக்கம் போகும் காற்று நனையாமலே குளிரும். எதுவானாலும் தண்ணீர் ஆவியானால்தான் குளிர்ச்சி. நம் கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறதே!

அறை தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றி ஃபேன் முன்னால் பிடியுங்கள். இறங்கி நிற்கும் அளவுதான் சாதாரண கூலரின் எல்லை. 40 டிகிரி, 20 சதவீத ஈரப்பதம் உள்ள ஊரில் அது சுமார் 22. இங்கே 33 டிகிரி, 75 சதவீதம் என்றால் 29. விலை கூடிய இன்டைரக்ட் மாடல்கள் இன்னும் கொஞ்சம் இறங்கும், ஆனால் 28-க்குக் கீழே போகாது.

மதுரையில் ஒரு சித்திரையில் கூலர் காற்றில் மயங்கி, அங்கேயே வாங்கி வேனில் ஏற்றி வந்தவன் நான். இரண்டே வாரத்தில் பீரோத் துணியெல்லாம் பூஞ்சை. போர் தண்ணீரின் உப்பு பேடில் கல்லாகப் படிந்தது. எந்த ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்று கடைக்காரருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ராமேஸ்வரம் லாட்ஜ்காரர்: ஏசி ஹாலுக்குள் வெளிக்காற்றும் விட வேண்டியிருக்கிறது. அதற்காவது இன்டைரக்ட் கூலர் உதவுமா?

உதவும். ஹாலிலிருந்து வெளியே தள்ளும் காற்று 25 டிகிரி, 50 சதவீதம் என்றால் ஈரத்துணி அளவு 18. அந்தக் காற்றை ஈரப்பக்கம் விட்டால், உள்ளே வரும் வெளிக்காற்று முன்பே குளிர்ந்துவிடும். ஏசிக்குச் சுமை குறையும். உப்புத் தண்ணீர் மட்டும் விடாதீர்கள்.

தொண்டி: கூலரில் ஐஸ் போட்டால்?

5 கிலோ ஐஸ் உருகித் தரும் குளிர்ச்சி, ஒரு டன் ஏசி 8 நிமிடத்தில் தருவது.

தேவிபட்டினம்: 32,000 ரூபாய் கொடுத்தேன், பில் வாங்கவில்லை. இப்போது ஓடவில்லை.

பில்லை ஏன் வாங்கவில்லை? மாதாமாதம் இதே கடிதம் வருகிறது. பணம் அனுப்பிய வங்கி விவரத்தையாவது தேடி எடுங்கள்.

மண்டபம்: மகன் அனுப்பிய பணத்தில் வாங்கினேன். 'ஏசி போலவே குளிரும்' என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். வீடே நசநசக்கிறது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

அம்மா, உங்கள் மேல் தவறே இல்லை. அந்த நோட்டீஸையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். வக்கீல் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். புகார் எழுத ஆள் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், நானே எழுதித் தருகிறேன்.