இரண்டும் மானாவாரிதான், ஆனால் எட்டயபுரத்தில் ஆடியில் விதைக்க வேண்டாம்

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பக்கம் எங்களுக்குச் செம்மண் மானாவாரி நிலம் இருக்கிறது. ஆனி, ஆடியில் நிலக்கடலையும், கேழ்வரகும், இடையில் அவரையும் துவரையும் விதைப்பது பரம்பரை வழக்கம். இப்போது மனைவி வழியில் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே 4 ஏக்கர் கரிசல் வந்திருக்கிறது. இதே பயிர்களை இதே பட்டத்தில் அங்கே செய்யலாமா? ஆழ்துளைக் கிணறு போட்டு மாங்கன்று வைப்பது நல்லதா?

பதில்: மூன்று கேள்விகளுக்கும் சுருக்கமான விடை ‘வேண்டாம்’ என்பதே. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது விளங்கிவிட்டால் அங்கே எதைச் செய்யலாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

புதிய இடத்தில் நிலம் வாங்குபவர்கள் முதலில் விசாரிப்பது ஆண்டு மழையளவை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது ஏறக்குறைய 800 முதல் 850 மி.மீ.; தூத்துக்குடி மாவட்டத்தில் 650 மி.மீ.யை ஒட்டியது. இந்த வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் ‘கொஞ்சம் வறண்ட கிருஷ்ணகிரி’ என்று எட்டயபுரத்தை எடைபோடத் தோன்றும். உண்மையில் இரண்டும் வேறு வேறு நாள்காட்டியில் இயங்குகின்றன. உங்கள் ஊர் மேட்டுநிலத்தில் வைகாசிக் கடைசியிலிருந்தே இடிமழை தலைகாட்டும். தென்மேற்குப் பருவக் காலத்தில் மழை விட்டுவிட்டுப் பெய்து, ஆவணி, புரட்டாசி மாலைகளில் வலுத்து, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்துகொள்ளும். அதாவது மொத்த மழையும் ஐந்தாறு மாதங்களில் பரவிக் கிடைக்கிறது. எட்டயபுரமோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. தென்மேற்குக் காற்று தன் ஈரத்தை மலையின் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிட்டு, கிழக்கே வறண்ட காற்றாகவே வந்து சேர்கிறது. கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே ஆடிக்காற்றுதான் அங்கே மேல்மண்ணின் கடைசி ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில், பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரண்டே மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர் நிச்சயம் கரிசல்காட்டுக்காரராக இருந்திருக்க மாட்டார்.

இரண்டு மாத மழையை நம்பி 100 நாள் பயிர் செய்ய முடிகிறது என்றால் அதற்குக் காரணம் மண். ஆழமான கரிசல், ஒரு மீட்டர் ஆழத்துக்குள் பயிருக்குக் கிடைக்கக்கூடிய நீராகச் சுமார் 150 முதல் 200 மி.மீ. வரை சேமித்து வைக்கும். மழை நின்ற பிறகு பயிர் நாளொன்றுக்கு 4 மி.மீ. எடுத்துக்கொள்வதாக வைத்தால், நிரம்பிய கரிசல் 40 நாள் தாங்கும். மார்கழிப் பனியும் குறைந்த வெயிலும் அதற்குத் துணை. உங்கள் செம்மண் பல இடங்களில் அரை மீட்டருக்குள்ளேயே சரளையைத் தொட்டுவிடும். அது பிடித்து வைக்கும் நீர் இரண்டு வாரத்துக்குப் போதுமானால் அதிகம். ஆகவே செம்மண் விவசாயிக்கு மழை இடைவெளிவிட்டுப் பலமுறை பெய்ய வேண்டும். கரிசல் விவசாயிக்கு ஒருமுறை மண் நிறைந்தால் போதும். நீங்கள் மழையைப் பார்த்துப் பயிர் செய்து பழகியவர். அங்கே மண்ணுக்குள் இருக்கும் ஈரத்தைக் கணக்கிட்டுப் பயிர் செய்யப் பழக வேண்டும்.

இந்த வேறுபாடுதான் விதைக்கும் முறையையும் மாற்றுகிறது. செம்மண்ணில் மழை பெய்த மறுநாளோ அடுத்த நாளோ ஏரைப் பூட்டலாம். கரிசல் நனைந்துவிட்டால் களிமண்ணாகிக் காலையும் சக்கரத்தையும் பிடித்துக்கொள்ளும். தொடர்மழை பிடித்தால் பத்துப் பதினைந்து நாள் காட்டுக்குள் இறங்கவே முடியாது. அறுபது நாள் மழைக்காலத்தில் பதினைந்து நாளை இப்படி இழப்பது கால்பங்கு பருவத்தை இழப்பதாகும். அதனால்தான் அங்கே புரட்டாசி முதல் பாதியில், மண் காய்ந்து கிடக்கும்போதே, சோளத்தையும் பருத்தியையும் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. அதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே விதை மண்ணுக்குள் இருக்க வேண்டும். விதையை 5 செ.மீ. ஆழத்தில் வைப்பது இதில் முக்கியம். 5, 10 மி.மீ. தூறலில் மேல்மண் மட்டும் நனையும், விதைக்கு எட்டாது, 20 மி.மீ.க்குக் குறையாத மழை கிடைத்தால்தான் முளைக்கும், அந்த அளவு ஈரம் முளைத்த பயிரை அடுத்த மழைவரை காப்பாற்றும். ஆழம் குறைந்து 2 செ.மீ.யில் விழுந்த விதை முதல் தூறலிலேயே முளைத்துக் கருகிவிடும். சோள விதையை 2 சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில், கிலோவுக்கு 350 மி.லி. என்ற அளவில், 6 மணி நேரம் ஊறவைத்து நிழலில் பழைய ஈரநிலைக்கு உலர்த்தி விதைத்தால் வறட்சியைத் தாங்கும் திறன் கூடும். 1901 முதல் கோவில்பட்டியில் இயங்கிவரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் உங்கள் நிலத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அந்தப் பகுதிக்கான ரகங்களையும் விதைக்கும் வாரத்தையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பயிர்களுக்கு வருவோம். நிலக்கடலை கரிசலில் முளைக்கும், காய்க்கவும் செய்யும், சிக்கல் பறிக்கும்போதுதான். காய்ந்து இறுகிய கரிசலில் செடியைப் பிடுங்கினால் செடி கையோடு வரும், காய்கள் மண்ணுக்குள் தங்கிவிடும். கேழ்வரகுக்கு நல்ல வடிகாலுள்ள செம்மண்ணே உகந்தது. அதை அங்கே கொண்டுபோவதால் லாபமில்லை. அங்கே நிலைத்த பயிர்கள் சோளம், கம்பு, மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, கொத்தமல்லி. மக்காச்சோளத்தின் மீது எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. விலை ஆசை காட்டினாலும் 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த, பயிரைத் தின்னும் படைப்புழு அதன் செலவைக் கூட்டிவிட்டது. பூக்கும் தருணத்தில் ஈரம் குறைந்தால் சோளத்தைப் போல அது பொறுத்துக்கொள்ளாது.

பயிரைத் தீர்மானிக்கும் முன் நிலத்தில் மூன்று நான்கு இடங்களில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டிப் பாருங்கள். மேலே கறுப்பாக இருப்பதெல்லாம் ஆழமான கரிசல் அல்ல. அடியில் சுக்கான் (சுண்ணாம்புக்கல்) படிவம் முக்கால் அடியிலேயே வந்துவிடும் காடுகளும் உண்டு. ஒரு மீட்டர்வரை கரிசல் இருந்தால் பருத்தி செய்யலாம். அரை மீட்டருக்கும் குறைவு என்றால் 65 முதல் 75 நாளில் முடியும் உளுந்து, பாசிப்பயறு, அல்லது கம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆழ்துளைக் கிணற்றில் பணத்தைப் போடும் முன் பக்கத்துக் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்தில் உவர்நீர் சாதாரணம். சோடியம் மிகுந்த நீரைக் களிமண்ணுக்குப் பாய்ச்சினால் மண்ணின் கட்டமைப்பு சிதைந்து, மழைநீரே உள்ளிறங்காத நிலம் ஆகிவிடும்; மானாவாரியும் போய்விடும். அதே செலவில் தாழ்வான மூலையில் ஒரு பண்ணைக் குட்டை வெட்டலாம். கரிசலில் நீர் கசிவு குறைவு என்பதால் தை மாதத்தில் வாடும் பயிரைக் காப்பாற்ற ஒரு உயிர்த் தண்ணீர் கொடுக்க அது உதவும். மாமரம் வேண்டாம்: மழையில் வேர் மூச்சுத் திணறும், கோடையில் வெடிப்பு வேரை அறுக்கும். வரப்போரத்தில் மரம் வேண்டுமென்றால் இலந்தையும் கொடுக்காப்புளியும் தாக்குப்பிடிக்கும்.

கறவை மாட்டை நம்பும் உங்கள் ஊர் வழக்கமும் அங்கே அப்படியே பொருந்தாது. கோடையில் பசுந்தீவனம் கிடைக்காது. வேம்பூர் ஆடுகள் அந்த மண்ணின் இனம். ஆடு வளர்க்காவிட்டாலும், சித்திரை, வைகாசியில் ஆடு மேய்ப்பவர்களை அழைத்து, இரவில் மந்தையை உங்கள் நிலத்தில் அடைத்துக் கிடை போடச் சொன்னால் உரச் செலவு குறையும்.

வடகிழக்குப் பருவமழை நிலையில்லாதது. 2016இல் தமிழ்நாட்டில் அது 62 சதவீதம் குறைந்தது. 2023 டிசம்பர் நடுவில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டி, மாவட்டம் முழுதும் பயிர்கள் நீரில் நின்றன. எனவே 4 ஏக்கரையும் ஒரே பயிருக்குக் கொடுக்காதீர்கள். ஆழம் சரியாக இருந்தால் முதல் ஆண்டு இரண்டு ஏக்கர் சோளம், ஒரு ஏக்கர் பருத்தியில் உளுந்து ஊடுபயிர், மீதி ஒரு ஏக்கர் முதல் மழைக்குப் பின் உளுந்தோ கொத்தமல்லியோ என்று பிரித்துக்கொள்ளலாம். கோடை உழவை முடித்து, சரிவுக்குக் குறுக்கே சிறு பாத்திகளாக வரப்பு பிடித்து, ஆவணிக் கடைசிக்குள் விதையைக் கையில் வைத்திருங்கள். புரட்டாசி பிறந்த பிறகு எல்லோரும் ஒரே வாரத்தில் விதைக்கு அலைவதால் நல்ல ரகம் கிடைப்பது கடினம்.