கண்மாயில் மீன் சாகிறது, ஆக்சிஜன் மாத்திரை போடலாமா?

கேள்வி: ஊர்க் கண்மாயில் மீன்பாசி ஏலம் எடுத்துக் கட்லா, ரோகு விட்டிருக்கிறேன். பங்குனியிலேயே தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. தினமும் செத்து மிதக்கிறது. கடைக்காரர் ஆக்சிஜன் மாத்திரை போடச் சொல்கிறார். போடலாமா? அயிரையும் இரண்டு வருடமாகக் கண்ணில் படவில்லை.
- வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: மாத்திரை சில மணி நேரம்தான் தாங்கும். தொட்டிக்குச் சரி, கண்மாய்க்கு வாங்கிக் கொட்டினால் லாபம் கடைக்காரருக்கு மட்டுமே. இன்றே தீனியை நிறுத்துங்கள். விலை போகிற மீனைப் பிடித்துக் கூட்டத்தைக் குறையுங்கள். நடுநிசிக்கு மேல் விடியும்வரை, சேற்றைக் கலக்காமல் அதே தண்ணீரை மோட்டாரில் இறைத்து உயரத்திலிருந்து கொட்டுங்கள். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கிற தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். சூட்டில் மீனுக்கோ தேவை கூடும். இரவில் பாசியும் ஆக்சிஜனில் பங்குக்கு வரும்.

நீங்கள் கடைசியில் எழுதியதுதான் எனக்கு முதல் கேள்வி. மழை தள்ளிப்போகிறது, வந்தால் இரண்டு மூன்று நாளில் கொட்டித் தீர்க்கிறது, அப்புறம் வெயில் உறிஞ்சிவிடுகிறது. ஆனால் அயிரை மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளிக்கும், விராலும் குறவையும் அப்படித்தான். கட்லா சாகிற தண்ணீரில் இவை கிடக்கும். சூடு மட்டும் இவற்றை அழிக்கவில்லை. குஞ்சு விடுவதற்கு முன், கண்மாயில் இருந்த மீனைக் கொல்ல இலுப்பைப் புண்ணாக்கு போட்டீர்களா? போன குத்தகைக்காரர் கடைசிக் குட்டையையும் இறைத்துப் பிடித்தாரா? 'களைமீன்' என்று பெயர் வைத்து நஞ்சு விற்கிறவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. யாரும் காசு கொடுத்து விடாமலே வருடாவருடம் வந்த மீன் அது. கோடையில் மிஞ்சுகிற குட்டைதான் அதற்கு விதைநெல். முன்பு தண்ணீர் நெடுநாள் நின்றபோது இந்தத் தவறைக் கண்மாய் தாங்கியது. இனித் தாங்காது.

அதனால் மடு வேண்டும். வண்டல் அள்ள அனுமதி கிடைக்கும்போது கண்மாய் முழுக்கச் சுரண்டாமல், கரையை விட்டுத் தள்ளி ஒரே இடத்தில், அனுமதித்த ஆழம்வரை எடுக்கச் சொல்லுங்கள். ஆழத்தில் அடித்தண்ணீர் அவ்வளவு சுடாது, சீக்கிரம் வற்றாது. அங்கே வலை வீசக்கூடாது, மோட்டார் வைக்கக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி அடுத்த ஏல நிபந்தனையிலேயே சேர்த்துவிடுங்கள். கட்லா, ரோகுவைப் பொடிக்குஞ்சாக விடாதீர்கள். தண்ணீர் நிற்கிற சில மாதத்தில் எடை ஏற விரல் நீளக் குஞ்சாவது வேண்டும்.

எந்தச் சூட்டையும் தாங்கும் என்று யாராவது ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கொண்டுவந்தால் வாசலோடு அனுப்புங்கள். அது தடை செய்யப்பட்ட மீன். மிச்சம் இருப்பதையும் தின்றுவிடும்.

அயிரைக்குக் குஞ்சு தேடி அலையவேண்டாம். மேல்கண்மாயில் கொஞ்சம் இருந்தாலும் போதும், தண்ணீரோடு வந்துவிடும். ஐப்பசியில் வரத்துக்கால்வாயில் முதல் தண்ணீர் ஓடும்போது கொசுவலை கட்டி வாருகிறார்களே, அதை மட்டும் ஊரோடு பேசி நிறுத்துங்கள்.