அப்பா பார்த்தது மருதநாயகம் இல்லை

வணக்கம் சகோதரி. உங்கள் அப்பா மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் சிறுவயதில் ‘மருதநாயகம்’ பார்த்ததாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், அவர் திதிக்குள் அதன் விசிடி எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். கடை கடையாக அலைய வேண்டாம். அந்தப் படம் முடியவே இல்லை. கமல் இயக்கி நடிக்கவிருந்த அதற்கு 1997 அக்டோபரில்தான் சென்னையில் தொடக்க விழாவே நடந்தது. எலிசபெத் ராணி வந்திருந்தார். கொஞ்சம் எடுத்தார்கள், அப்புறம் பணம் சேராமல் நின்றுபோனது.

அப்பா பொய் சொல்லவில்லை, பெயர்தான் குழம்பியிருக்கும். 1950-இல் எம்.ஜி.ஆரும் வி.என். ஜானகியும் நடித்த ‘மருதநாட்டு இளவரசி’ வந்தது. 1961-இல் சிவாஜிக்கு ‘மருதநாட்டு வீரன்’. இரண்டில் ஒன்றாக இருக்கலாம். எங்கள் தோட்டத்திலும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் வெள்ளைத் துணி கட்டித்தான் படம் போடுவார்கள். லேட்டாகப் போனால் துணிக்குப் பின்னால்தான் இடம், கதாநாயகன் இடது கையால் வாள் வீசுவார்! ரீல் மாற்றும் நேரத்தில் கச்சான் (வேர்க்கடலை) விற்பவர் வந்துவிடுவார். படத்தின் பெயரை யார் கவனித்தார்கள்?

அம்மாவிடமோ பெரியப்பாவிடமோ ஒன்று மட்டும் கேளுங்கள்: வாள் பிடித்தது எம்.ஜி.ஆரா, சிவாஜியா? அது தெரிந்தால் போதும், அந்தப் பெயரைப் போட்டு யூடியூபில் தேடிப் பாருங்கள்.